கிழக்குக் கிரானைட்டா, மேற்குக் கிரானைட்டா?

பாறைக்கு வயது சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று அடையாறு ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை, என்னிடம் வேலை பார்த்த தீபா என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவாள். கோபப்படாமலும் சொல்லித் தருவாள், அது எனக்கு வராத வித்தை. ஓய்வுபெற்ற பிறகு என் கோபம் குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். கோபப்பட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் மயிலாப்பூர்க்காரி. தலைமுறை தலைமுறையாக வாத்தியார்களைப் பெற்றுப்போட்ட குடும்பம். எங்கள் பங்குக் கோயிலில் புதிதாகக் கிரானைட் பீடம் வைத்தபோது, பூசை முடிந்து வெளியே வந்த ஒரு பெரியவர் என்னை மடக்கினார்.

"ஸ்டெல்லா, நீ கல்லுக்கெல்லாம் வயசு சொல்றியாமே. இந்தப் பீடத்துக்கு என்ன வயசு, சொல்லு பாப்போம்."

"பீடத்துக்கு ஒரு மாசம் அங்கிள். கல்லுக்குப் பல கோடி வருஷம்."

"ரெண்டுல எது சரி?"

"நீங்க எதைக் கேக்கறீங்களோ அது."

அவர் என்னை நம்பவில்லை. படித்தவர்கள் இப்படித்தான் வழுக்குவார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஆனால் எங்கள் தொழிலில் பாதிச் சண்டை இந்த ஒரு கேள்வியில்தான். வயது கேட்கிறார்கள். எதனுடைய வயது? கல் உருகி இறுகிய காலமா, அதில் தாது வந்து சேர்ந்த காலமா, பிறகு எப்போதோ மறுபடி சூடான காலமா? ஒவ்வொன்றுக்கும் அந்தக் கல்லுக்குள்ளேயே தனித்தனி விடை இருக்கிறது. கேட்பவர் எதைக் கேட்டார் என்று பார்க்காமல் கிடைத்த விடையை நீட்டினால், பீடத்துக்குப் பல கோடி வயது என்று சொன்ன கதைதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் அதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு மனிதரின் கடைசி வாய்ப்பு பறிபோக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த மனிதரின் பெயர் சண்முகம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகரில் பட்டுச்சேலைக் கடை. அண்ணன் கல்லாவில் உட்கார, தம்பி சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறப் போய்விட்டார். வட மாநிலம் ஒன்றில் ஒரு மலையைப் பல ஆண்டுகள் கால்தேய நடந்து வரைபடம் போட்டார். தேடியது வெள்ளீயம். மயிலாப்பூர்ப் பாத்திரக் கடைகளில் ரசம் வைக்கவென்று விற்கிறார்களே ஈயச்சொம்பு, அந்த ஈயம்.

வெள்ளீயம் எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மேலேறி வந்து, வெளியே வராமல் உள்ளேயே இறுகினால் அது கிரானைட். இறுகும் கடைசிக் கட்டத்தில் மிஞ்சும் கொதிநீர் விரிசல்களில் புகுந்து, போகிற வழியில் வெள்ளீயத் தாதுவைக் கறுப்பு மணிகளாக விட்டுவிட்டுப் போகும். அந்தக் கறுப்பு மணிக்குக் கேசிட்டரைட் என்று பெயர். அது பெரும்பாலும் தன்னைப் பெற்ற கிரானைட்டின் தலைமாட்டைச் சுற்றியே கிடக்கும். பெற்றவர் யார் என்று தெரிந்தால் எங்கே தோண்டுவது என்று தெரிந்துவிடும்.

சண்முகத்தின் மலையில் இரண்டு கிரானைட்டுகள். மேற்கே பெரியது, மிகப் பழையது. கிழக்கே சின்னது, அதைவிடப் பல கோடி ஆண்டு இளையது. இரண்டுக்கும் நடுவில் வெள்ளைக் கல் நரம்புகள் ஓடின. அந்த நரம்புகளில் கறுப்பு மணிகள் இருந்தன. யாருடைய பிள்ளை அது?

கிழக்கு என்றார் சண்முகம். வேறொரு ஆய்வகமும் அதையே சொன்னது. அவர்கள் அந்த நரம்பிலிருந்த மைக்காவை, நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, அதை எடுத்து வயது பார்த்திருந்தார்கள். சின்னக் கிரானைட்டின் வயதும் மைக்காவின் வயதும் அச்சடித்த மாதிரி பொருந்தின. கறுப்பு மணியும் மைக்காவும் ஒரே கல்லில் ஒட்டிக்கொண்டு கிடந்தவை. ஆக, தாதுவும் கிழக்குக் கிரானைட்டோடு வந்தது என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று.

அது மே மாதம். மலையில் மழை தொடங்குவதற்குள் ஒரே ஒரு ஆழ்துளை போடத்தான் அனுமதி. துளையில் தாது வந்தால் திட்டம் தொடரும், வராவிட்டால் மூடிவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டுவார்கள். சண்முகத்துக்கு ஓய்வுபெற ஓராண்டுகூட இல்லை. அவருக்கு இன்னொரு துளை கிடையாது. எங்கே போடுவது என்று முடிவு செய்யும் குழு திங்கட்கிழமை அடையாற்றில் கூடுவதாக இருந்தது. வரைபடத்தின் கிழக்கில் அவர் ஏற்கெனவே சிவப்புப் புள்ளி வைத்துவிட்டார். கறுப்பு மணிக்கே நேரடியாக வயது பார்க்க அப்போதுதான் எங்களிடம் வசதி வந்திருந்தது. ஒரு சம்பிரதாயத்துக்காக அதையும் செய்துவிடுங்கள் என்று மாதிரிகளை அனுப்பினார்கள்.

குழுத் தலைவர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மைக்கா சொல்லிடுச்சும்மா. நீங்க ஒரு முத்திரை குத்திக் குடுங்க, போதும்." எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன தபால் ஆபீஸா?

வேலை வியாழக்கிழமை தொடங்கியது. கறுப்பு மணிக்குள் கொஞ்சூண்டு யுரேனியம் மாட்டியிருக்கும். அது மெல்ல மெல்லக் காரீயமாக மாறிக்கொண்டே இருக்கும். மணியில் லேசரால் சிறு குழி பறித்து, இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் மணி பிறந்த காலம் தெரியும். ஒரு குழிக்குத் திரையில் ஒரு புள்ளி. ஏற்கெனவே வயது தெரிந்த ஒரு கேசிட்டரைட் துண்டையும் நடுநடுவே சுட்டுப் பார்ப்போம். அது தன் வயதைச் சரியாகச் சொல்கிறது என்றால் இயந்திரம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பாதியில், இயந்திரம் ஓடத் தேவையான ஆர்கான் வாயு தீர்ந்தது. புது சிலிண்டர் வரவேண்டிய வண்டி மதியம்வரை வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வண்டி வந்ததும் ஓட்டுநர் நிதானமாக இறங்கினார்.

"எங்கப்பா போனே இவ்ளோ நேரம்?"

"இன்னா மேடம் பண்றது, மெட்ரோக்காரன் ரோடு ஃபுல்லா தோண்டி வெச்சிக்கினு கீறான். மந்தவெளில பூந்து, எங்கெங்கயோ சுத்திக்கினு வர்றேன். நீங்க வேற கல்லு கல்லுன்றீங்க, அவனும் அடியில கல்லு வந்துச்சின்னு நிறுத்திக்கினு கீறானாம்."

அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை தீபா என் அறைக்கு வந்தாள். வடபழனிப் பெண். அவள் கை இயந்திரத்தில் இருந்தால் நான் நிம்மதியாக டீ குடிப்பேன். அன்று முகம் சரியில்லை.

"மேம், பாயிண்ட் எல்லாம் பரவிக் கெடக்கு. கொஞ்சம் பழைய வயசு, கொஞ்சம் எளசு, கொஞ்சம் நடுவுல."

"நீ என்ன நெனைக்கறே?"

"பழசா வர்றதெல்லாம் தப்பா இருக்கும்னு தோணுது மேம். மைக்கா எளசுதானே. இந்தப் பழசுங்களைத் தூக்கிட்டா மீதி நல்லா சேருது. பாருங்க."

காட்டினாள். நிஜமாகவே அழகாகச் சேர்ந்தது. கோடு கிழக்குக் கிரானைட்டின் வயதை நோக்கி இறங்கியது. திங்கட்கிழமை எல்லோரும் கைதட்டுவார்கள், சண்முகம் இனிப்பு வாங்கி வருவார்.

இங்கேதான் நான் உங்களைப் பிடித்து உட்கார வைக்கிறேன். தீபா திருடவில்லை, பொய் சொல்லவில்லை. நல்ல பெண், நல்ல நோக்கம். விடை என்னவென்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதுதான் கோளாறு. விடை தெரிந்த கண்ணுக்குப் பொருந்தாத புள்ளி எல்லாம் அழுக்காகத்தான் தெரியும். நம் தொழிலில் சறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள், அதுவும் நிம்மதியாக.

எங்கள் ஆய்வகத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் பை ஒன்றை எடுத்து, கணினித் திரையில் வயது வரும் பக்கத்தை மூடிவிடுவோம். பிறகு ஒவ்வொரு குழியையும் நுண்ணோக்கிப் படத்தில் பார்ப்போம். குழி விரிசல் மேல் விழுந்திருக்கிறதா? மணியின் ஓரத்தில், நிறம் மாறிய இடத்தில் விழுந்திருக்கிறதா? உள்ளே வேறு தாதுத் துணுக்கு இருக்கிறதா? இருந்தால் அந்தப் புள்ளி போகும். சுத்தமாக இருந்தால், அது என்ன வயது சொன்னாலும் நிற்கும். வயதைப் பார்த்துவிட்டுப் புள்ளியைத் தூக்கக் கூடாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைவிட மலிவான, அதைவிட நேர்மையான கருவி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

பையை மாட்டினோம். நானும் தீபாவும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகக் குறித்தோம். மாலையில் பையை எடுத்தாள். எடுத்ததும் அவள் கை வாய்க்குப் போனது.

இளசாக வந்த புள்ளிகள் எல்லாம் விரிசலிலும் ஓரத்திலும் விழுந்தவை. அங்கே காரீயம் கசிந்து போயிருந்தால் வயது குறைந்துதான் தெரியும். மணியின் சுத்தமான நடுப்பகுதியில் விழுந்த புள்ளிகள் எல்லாம் பழையவை, ஒன்றுகூட விலகவில்லை. அந்த வயது மேற்குக் கிரானைட்டின் வயது. நடுவில் வைத்துச் சுட்ட துண்டும் தன் வயதைச் சரியாகச் சொல்லியிருந்தது.

"மேம், அப்போ சண்முகம் சாரோட புள்ளி..."

"தப்பான பக்கம் இருக்கு."

"அவர்கிட்ட யாரு சொல்றது?"

நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். எண்ணை முதலில் சொன்னால் அவருடைய நினைவு எண்ணுக்கு வளைந்து கொடுக்கலாம், அல்லது முறைத்துக்கொண்டு நிற்கலாம். இரண்டுமே எனக்கு வேண்டாம். எங்கள் எண் இரண்டே நாளில் வந்த எண். மைக்கா வயதைக் கவிழ்க்க அது மட்டும் போதாது. மலையே ஒரு சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைப் பார்த்த ஒரே ஆள் சண்முகம். ஆக, என் எண்ணைச் சொல்லாமல், அவர் பார்த்ததை முதலில் வாங்க வேண்டும்.

சனிக்கிழமை அவர் தி.நகரில் அண்ணன் கடையில் இருந்தார். வைகாசி முகூர்த்தக் கூட்டம். படியேறுவதற்குள் என்னை நாலு பேர் மிதித்தார்கள். கல்லாவிலிருந்த அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார்.

"வாங்க டீச்சர், வாங்க. தம்பி மேல இருக்கான். மல திரும்பவும் கூப்பிடுதுன்னு ஒக்காந்திருக்கான். கடைக்கு ஆள் பத்தலேங்குதேன், காதுலயே வாங்க மாட்டேங்கான்."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது. மாடியில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் ஒரு பக்கம் கல்யாணப் பெண் வீட்டார் சேலைகளைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள். மறு ஓரத்தில் சண்முகம், கால் மடக்கி. எதிரே மலையின் வரைபடத்தை விரித்து, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் மடித்த ரவிக்கைத் துண்டு வைத்திருந்தார்.

"நம்பர் வந்துட்டா மேடம்?"

"வந்துடுச்சு. இப்ப சொல்ல மாட்டேன்."

"ஏன்? சின்னப் புள்ளையாட்டம் வெளையாடுதீங்க."

"சண்முகம், எனக்கு முதல்ல ஒண்ணு சொல்லுங்க. கிழக்குக் கிரானைட்டும் தாது நரம்பும் எங்கயாவது ஒண்ணை ஒண்ணு தொட்டுதா? தொட்ட எடத்துல யாரு யாரை வெட்டிட்டுப் போறாங்க?"

அவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். வெட்டப்பட்டது முன்னால் வந்தது, வெட்டியது பின்னால் வந்தது. ஏற்கெனவே இருக்கிற கல்லைத்தான் வெட்ட முடியும். கிழக்குக் கிரானைட்டின் கிளை ஒன்று தாது நரம்பை வெட்டியிருந்தால், அந்தக் கிரானைட் வருவதற்கு முன்பே தாது அங்கே இருந்திருக்கிறது. பெற்றவளுக்கு முன்னால் பிள்ளை பிறக்காது.

பெண் வீட்டார் பக்கம் யாரோ அரக்கு நிறம் கேட்டார்கள்.

"ஒரே ஒரு எடத்துல," என்றார். "கிழக்கே ஒரு ஓடையில. போட்டோ எடுத்தேன்."

போனில் தேடி எடுத்தார். நான் ஆவலாக வாங்கிப் பார்த்தேன். ஓடைக்கல் தெரிந்தது. இடது பக்கம் வெள்ளை நரம்பு, வலது பக்கத்திலிருந்து கிரானைட்டின் கிளை. இரண்டும் சந்திக்கிற இடத்தில், சரியாக அந்தச் சந்திப்பின் மேலேயே, அளவு தெரிவதற்காக அவர் தன் சுத்தியலை வைத்திருந்தார்.

நிலவியல்காரர்களைத் தவிர இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. கல் எவ்வளவு பெரியது என்று காட்ட ஏதாவது வைத்துத்தான் படம் எடுப்போம். எங்கே கண் போகிறதோ அங்கே கையும் போகும். ஆகவே முக்கியமான இடத்தின் மேல்தான் சுத்தியல் போய் உட்காரும். நீங்களும் வைத்திருப்பீர்கள், இன்று வீட்டுக்குப் போய் உங்கள் படங்களைப் பாருங்கள்.

"சுத்தியலுக்கு அடியில என்ன இருக்கு சண்முகம்?"

"திரும்பப் போயி பாக்க முடியாது மேடம். அங்க இப்ப தடுப்பணை கட்டிட்டாங்க. ஆளுயரத்துக்குத் தண்ணி நிக்கி."

"நான் போகச் சொல்லலை. நீங்க பாத்தீங்க இல்ல? என்ன பாத்தீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் எண் அவருக்குத் தெரியாது, ஆனால் நான் இதைக் கேட்க வந்திருக்கிறேன் என்பதே போதுமான சேதி. முட்டாள் இல்லையே அவர். தன் புள்ளி தன் நாக்கில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நரம்புதான் கிரானைட்டை வெட்டியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுக்க ஆளும் இல்லை, படமும் இல்லை. கிழக்கே போட்ட புள்ளி அப்படியே நிற்கும். அத்தனை வருட நடையும் நிற்கும்.

எனக்குப் பயமாக இருந்தது. அவர் பொய் சொல்வார் என்ற பயம் இல்லை. அவர் உண்மையாகவே மாற்றி நினைவு வைத்திருந்தால் என்ன செய்வேன் என்ற பயம்.

சண்முகம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார்.

"கெளைதான் மேடம் நரம்ப வெட்டிட்டுப் போகுது. சுத்தமா வெட்டிட்டுப் போகுது. நரம்புத் துண்டு ஒண்ணு, கறுப்பு மணியோட, கெளைக்குள்ளயே மெதந்துக்கிட்டு நிக்கி. நான் பாத்தேன். அன்னிக்கே பாத்தேன். ஒரு எடந்தானே, பாறை நழுவுன எடமா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"மைக்கா வயசு அதுக்கு முன்னால வந்துச்சா, பின்னால வந்துச்சா?"

"முன்னால. அது வந்த பெறகுதான் ஓடைக்குப் போனேன்."

அவ்வளவுதான். தீபாவுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்திருக்கிறது. ஒருத்தி லேசர் முன்னால், ஒருத்தர் ஓடையில். அப்போதுதான் என் எண்ணைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். கீழேயிருந்து அண்ணாச்சி எங்களுக்குப் பன்னீர் சோடா அனுப்பினார். இரண்டு பேரும் தொடவில்லை. பல வருட நண்பருக்கு அவருடைய உழைப்பு தப்பான பக்கம் இருக்கிறது என்று சொல்வது இந்த வேலையில் கல் தூக்குவதைவிடக் கனமான வேலை. அதற்கு யாரும் உங்களுக்குப் பயிற்சி கொடுக்க மாட்டார்கள்.

கடைசியில் அவர் வரைபடத்தின் மேற்குப் பக்கத்தை விரலால் தடவினார். "பெரிய கல்லோட தல இங்கதான் மேல வருது," என்றார். "நான் இங்க சரியா நடக்கவே இல்ல. வாங்க, இப்ப பாப்போம்." இருட்டும்வரை சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் எடுத்த பழைய குறிப்புகளை மேற்கு நோக்கிப் படித்தோம். ஒரு கல்யாணப் பெண் எங்களைத் தாண்டிப் போகும்போது, "இது என்ன டிசைன்?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை குழு கூடியது. தலைவர் எங்கள் முடிவைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மைக்கா வயசு பெரிய லேப் குடுத்தது. அவங்க தப்புன்னு சொல்றீங்களா?"

"அவங்க அளந்தது சரி சார். காலையில வெச்ச ரசத்தை ராத்திரி சூடு பண்ணி வெச்சிருக்காங்கன்னு வெச்சுக்குங்க. நீங்க சொம்பைத் தொட்டுப் பாத்துட்டு, ரசம் ராத்திரிதான் வெச்சாங்கன்னு சொல்லுவீங்க. மைக்கா அந்தச் சூட்டைத்தான் சொல்லுது. கிழக்குக் கிரானைட் வந்தப்போ பக்கத்துல இருந்த எல்லாத்தையும் சூடாக்கிடுச்சு, மைக்காவோட கடிகாரம் திரும்ப முதல்லேருந்து ஓட ஆரம்பிச்சுது. கறுப்பு மணி அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு மூட்டும் எண்ணம் இல்லை.

"ரெண்டு நாள்ல எடுத்த நம்பரை வெச்சு எல்லாத்தையும் மாத்தச் சொல்றீங்க."

"நம்பர் மட்டும் இல்ல சார். ஓடையில கிழக்குக் கிரானைட்டோட கிளை நரம்பை வெட்டின எடம் இருக்கு."

"படம்?"

சண்முகம் எழுந்து படத்தைத் திரையில் போட்டார். சுத்தியல் அறை முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இதுல சுத்தியல்தான் இருக்கு," என்றார் தலைவர்.

"ஆமா சார். அதுக்கு அடியில இருக்கத நான் பாத்தேன்."

"உங்க புள்ளிக்கு எதிராவே நீங்க சாட்சி சொல்றீங்க."

"எனக்கு ஆதரவா சொல்லியிருந்தா நீங்க சந்தேகப்படணும் சார்."

தலைவரை எனக்கு அதுவரை பிடிக்காது. அன்று அவர் செய்த ஒன்றுக்காக இப்போது மரியாதை வைத்திருக்கிறேன். மேலே ஒரு கேள்வியும் கேட்காமல் வரைபடத்தைச் சண்முகம் பக்கம் தள்ளி, "நீங்களே மாத்துங்க," என்றார். சண்முகம் சிவப்புப் புள்ளியை அடித்துவிட்டு மேற்கே புதிதாக ஒன்று வைத்தார்.

துளை போட ஆரம்பித்தார்கள். நான் அடையாற்றில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பதுபோல் நடித்தேன். தீபா என்னைவிட மோசம், போன் அடித்தாலே எழுந்து நிற்பாள். துளையில் ஒன்றும் வராமல் போயிருந்தாலும் நாங்கள் சொன்ன வயது அதேதான். பெற்ற கிரானைட் தெரிவது வேறு, அதன் தலைமாட்டில் நாம் குத்துகிற சரியான இடத்தில் தாது இருப்பது வேறு. இதை நான் உங்களிடம் இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், தாது வந்தது.

மலையில் முதல் மழை இறங்கிய காலையில் சண்முகம் அழைத்தார். தார்ப்பாயில் மழை விழும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"இருக்கு மேடம். கறுப்பா, மணி மணியா. கண்ணாலயே தெரியுது."

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தீபா போனைப் பிடுங்கி, "சார், சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

திட்டம் தொடர்ந்தது. அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேற்குத் துளை, கேசிட்டரைட் வயது, பெரிய கிரானைட் என்று கச்சிதமாக எழுதி அவருக்கு அனுப்பினேன். கிழக்குப் புள்ளியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நம் அறிக்கைகளில் யாரும் எழுதுவதில்லை, எல்லோரும் முதல் நாளிலிருந்தே சரியாக நினைத்த மாதிரிதான் எழுதுவோம். ஓய்வுபெறப் போகிற மனிதருக்கு அந்த மரியாதையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் அன்றே போன் செய்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா என் புள்ளி எங்க?"

"அது எதுக்கு சண்முகம் இப்போ?"

"கெழக்கே நான் ஏன் நம்புனேன், எதைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி வந்தேன்னு என் பேரு போட்டு எழுதுங்க. அந்த மைக்கா வயசு இன்னும் புஸ்தகத்துல இருக்குல்லா. நான் போன பெறகு எவனாவது அதைப் படிச்சுட்டு, இந்த மலையில கெழக்கே யாருமே தேடலயேன்னு திரும்ப ஏறுவான். அவனுக்கும் என்ன மாதிரி ஒரு துளைதான் குடுப்பாங்க."

நான் எழுத மாட்டேன் என்றேன். நீங்களே எழுதுங்கள் என்றேன். அவர் எழுதி அனுப்பினார், நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.